எங்கள் அத்தையின் ஐந்தாவது ஆட்டக்காரி

அத்தையின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் பேட்டை வீட்டின் சார்பில் வணக்கம். மகன் எழுத வேண்டிய இடத்தில் மருமகள் எழுதுகிறாளே என்று சிலர் இப்போதே புருவத்தைத் தூக்கியிருப்பீர்கள். முதலில் மகனிடம்தான் சொன்னோம். அவர் யோசித்து யோசித்து, 'அம்மா மிகவும் நல்லவர்' என்று ஒரே ஒரு வரி எழுதிக்கொண்டு வந்தார். அதற்கு மேல் எழுத்து வரவில்லை, அழுகைதான் வந்தது. மாமா அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்கள். "ஏளா, நீயே எழுது. நீதானே அவ டீமு" என்றார்கள்.

ஆமாம், நான் அத்தையின் டீம். அத்தைக்கு நான் மருமகளானது அதற்கு அப்புறம்தான். எப்படி என்று சொல்கிறேன்.

அத்தை பிறந்தது நாங்குநேரியில். வீட்டில் நான்கு பிள்ளைகளில் கடைசி. பள்ளிக்கூடத்தில் படிப்பு சுமார்தான், அதை அத்தையே ஒத்துக்கொள்வார்கள். ஆனால் மைதானத்தில் இறங்கிவிட்டால் அத்தையைப் பிடிக்க முடியாதாம். ஆட்டம் பூப்பந்து. இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம்: இறகுப்பந்து வேறு, இது வேறு. மஞ்சள் கம்பளி நூலில் சுற்றிய சின்னப் பந்து, நடுவில் வலை, ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். முப்பத்தைந்து புள்ளியை முதலில் தொடுகிறவர்களுக்கு ஒரு ஆட்டம். மூன்றில் இரண்டு ஆட்டம் எடுத்தால் வெற்றி. அத்தை நடுவில் நிற்பார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் அத்தையின் பள்ளி மாவட்டப் போட்டியில் ஃபைனல் வரை வந்துவிட்டது.

ஃபைனல் அன்று காலையில் பேட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அத்தை அழுதிருக்கிறார்கள், சாப்பிடாமல் கிடந்திருக்கிறார்கள். "பந்தடிக்கப் போயிருக்கான்னு அவங்ககிட்டச் சொல்ல முடியுமாட்டி? ஊரு என்ன சொல்லும்?" என்று வீட்டில் ஒரே பேச்சாகப் பேசி, பட்டுச்சேலை கட்டி உட்கார வைத்துவிட்டார்கள். அங்கே பாளையங்கோட்டை மைதானத்தில் அத்தை இல்லாத டீம் தோற்றுக்கொண்டிருந்த நேரத்தில், இங்கே அத்தை குனிந்த தலை நிமிராமல் காபி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காபியைக் குடித்த மாப்பிள்ளைதான் எங்கள் மாமா. அவர்கள் இருவருக்கும் சண்டை வரும்போதெல்லாம், அது குழம்பில் உப்பு கூடியதற்கான சண்டையாக இருந்தாலும் சரி, அத்தை கடைசியில் ஒன்று சொல்வார்கள்: "உங்களாலதான் எனக்கு ஃபைனலு போச்சு!" மாமா உடனே சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார்கள்.

மாமாவுக்குப் பேட்டையில் சின்ன லேத் பட்டறை. வேலை வந்தால் மழையாக வரும், வராவிட்டால் மாதக்கணக்கில் வராது. வராத காலங்களில் அத்தை வீட்டில் தையல் மிஷினைப் போட்டு ஜாக்கெட் தைத்தார்கள். மகனையும் மகளையும் கல்லூரி வரை படிக்க வைத்ததில் அந்த மிஷினுக்குப் பாதிப் பங்கு உண்டு. உடம்பு சரியில்லாத மாமனாரைக் கடைசி வரை முகம் கோணாமல் பார்த்துக்கொண்டார்கள். யார் வீட்டில் விசேஷம் என்றாலும் முந்தின நாளே போய் நிற்பார்கள். இதெல்லாம் உங்கள் எல்லாருக்கும் தெரியும். நீங்களே என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். ஆகவே நான் பந்துக்கு வருகிறேன்.

மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு சர்க்கரைக்காக நடக்கச் சொன்னார் டாக்டர். அத்தை காலையில் நடந்தார்கள். கூடவே மாவு ஆட்டி விற்கும் மீனாட்சி அக்கா, ஸ்டெல்லா டீச்சர், துணிக்கடை பாத்திமா அக்கா. நாலைந்து நாள் நடந்ததும் அத்தைக்கு அலுத்துவிட்டது. "இப்படிப் போறதும் வாறதுமா என்ன நடை இது, வெட்டி நடை! வாங்கடி, பந்தாடுவோம்" என்று மூன்று பேரையும் பட்டறைக்குப் பின்னால் இருந்த காலி இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அத்தை சொல்லிச் சொல்லி, மூவரும் முள்ளை வெட்டினார்கள், சுண்ணாம்பில் கோடு போட்டார்கள். கம்பம் மட்டும் மாமாவின் பட்டறையில் வெல்டிங் ஆனது. வருடக்கணக்கில் வாங்கிக்கட்டிக்கொண்ட மனிதர் அன்று சந்தோஷமாக வெல்டிங் வைத்தாராம்.

ஆடுவதற்கு நாலு பேர் ஆயிற்று. ஐந்தாவது ஆள் மட்டும் அமையவே இல்லை. ஒருவர் போட்டோ எடுத்துக்கொள்வதற்காகவே வந்தார். ஒருவர் பந்து வந்தால் கண்ணை மூடிக்கொண்டார். இன்னொருவரை வீட்டுக்காரர் வந்து கையோடு அழைத்துப் போய்விட்டார். ஐந்து பேர் இல்லாமல் எந்தப் போட்டியிலும் பேர் கொடுக்க முடியாது. அத்தைக்கு ஒரே ஒரு ஆசைதான்: ஒரு ஃபைனல். சின்ன ஊர்ப் போட்டியாக இருந்தாலும் போதும்.

இந்த நிலையில்தான் ஆழ்வார்குறிச்சியில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

எனக்கு இடது கை. பிறந்ததிலிருந்தே எழுதுவது, வெட்டுவது, துவைப்பது எல்லாம் இடது கைதான். மாப்பிள்ளை வீட்டாருக்கு இடது கையால் காபி கொடுத்தால் அது எப்பேர்ப்பட்ட குற்றம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மா ஒரு வாரமாக என்னை வலது கையில் தட்டு பிடித்து நடக்கப் பழக்கினார்கள். அன்று நானும் நல்ல பிள்ளையாக வலது கையில் தட்டை ஏந்திக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். சரியாக அத்தைக்கு முன்னால் குனிந்தபோது தட்டு சரிந்து ஓரத்து டம்ளர் நழுவிவிட்டது. அவ்வளவுதான், இடது கை தானாகப் போய் அதை அந்தரத்தில் பிடித்துவிட்டது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. பிடித்த கையாலேயே அத்தைக்கு நீட்டியும் விட்டேன்!

அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. பெரியப்பா செருமினார். அத்தையோ எழுந்தே நின்றுவிட்டார்கள்.

"ஏ பிள்ள, நீ இடது கையா?"

நான் தலையாட்டினேன்.

"பந்தாடுவியா?"

கூடத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. "பிள்ளைக்குச் சமையல் எல்லாம் நல்லா வரும்" என்றார் பெரியப்பா, வந்த கேள்வி அதுதான் என்பதுபோல. மாமா அவசரமாக, "இவ கெடக்கா அண்ணாச்சி, நீங்க ஒண்ணும் நெனச்சுக்கிடாதீங்க" என்று அத்தையின் சேலைத் தலைப்பைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தார்கள். அத்தை உட்காரவில்லை. காபியைக் குடித்து முடித்து, "எனக்குப் பிள்ளையப் புடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை அதுவரை என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை!

காரணம் பிறகுதான் தெரிந்தது. ஆடுகளத்தின் இடது ஓரத்துக்கு வரும் பந்தை வலது கைக்காரர்கள் கையைக் குறுக்கே கொண்டுபோய்த்தான் எடுக்க வேண்டும், அடியில் வேகம் இருக்காது. அங்கே இடது கைக்காரி நின்றால் முழு வீச்சில் அடிக்கலாம். ஊரே குறை என்று சொன்ன கையைத் தேடி ஒரு மனுஷி நாங்குநேரியிலிருந்து பேட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து காத்திருந்தார்கள் என்று நினைத்தால், எனக்கு இன்றைக்கும் உடம்பெல்லாம் சிலிர்க்கிறது.

கல்யாணமாகி வந்த அடுத்த வாரமே பயிற்சி. பட்டறைச் சுவரில் சாக்பீஸால் வட்டம் போட்டு அடிக்கச் சொல்வார்கள். "முழங்கைய ஒட்டி வைளா! பையத் தட்டு, பைய! சட்டினி அரைக்குத மாதிரி அடிக்காத!" என்று அத்தை போடும் சத்தத்தில் உள்ளே லேத் ஓடும் சத்தமே கேட்காது. பட்டறை ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து எனக்குப் புள்ளி எண்ணுவார்கள். காலைச் சமையலை ஆண்களிடம் ஒப்படைத்துவிட்டார்கள் அத்தை. மாமாவின் உப்புமாவைக் கரண்டியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். வியர்வையோடு வந்து, சிரித்துச் சிரித்துப் புரையேற அதைத் தின்ற காலைகள்தான் என் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல காலைகள். இதை என் வீட்டுக்காரரும் படிப்பார், படிக்கட்டும்.

போன ஆண்டு ஆடி மாதம். அம்பாசமுத்திரம் பக்கத்து ஊர் ஒன்றில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவை ஒட்டி, இளைஞர்கள் பெண்களுக்கான பூப்பந்துப் போட்டி வைத்தார்கள். பேர் கொடுத்தோம். எங்களைப் பார்த்ததும் எதிர் டீம் கல்லூரிப் பிள்ளைகள், "அம்மாமார்லாம் வந்திருக்காங்க" என்று சிரித்தார்கள். முதல் ஆட்டத்தில் சிரிப்பு நின்றது, இரண்டாவதில் மூச்சு நின்றது! அரையிறுதியிலும் ஜெயித்தோம். கடைசிப் புள்ளியை எடுத்தது அத்தை. வேனில் திரும்பி வரும்போது அத்தை ஜன்னலோரத்தில் உட்கார்ந்து விரல்விட்டுப் புள்ளி எண்ணிக்கொண்டே வந்தார்கள். ஆற்றுப் பாலத்தில் வண்டி ஏறியபோது, "ஃபைனலுளா" என்று என் தொடையில் ஒரு அடி வைத்தார்கள். அந்த இடம் சிவந்துபோனது.

ஃபைனல் அடுத்த ஞாயிறு. நடுவில் புதன்கிழமை அத்தைக்கு நெஞ்சுவலி வந்தது.

பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இதயத்தில் அடைப்பு, உடம்பு தேறியதும் ஆபரேஷன் என்றார்கள். சனிக்கிழமை சொந்தங்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். ஃபைனலை விட்டுவிடலாம் என்று நான் மீனாட்சி அக்காவிடம் சொல்லியிருந்தேன். எப்படியோ அது அத்தையின் காதுக்குப் போய்விட்டது.

"நாளைக்கு யாரு நடுவுல நிக்கா?" என்று கேட்டார்கள்.

"நாங்க போகல அத்த."

"ஸ்டெல்லா மக லீவுக்கு வந்திருக்கால்லா, அவள நடுவுல நிறுத்து. நீ ஒன் எடத்துலயே நில்லு."

பக்கத்தில் இருந்த பெரியம்மா ஒருவருக்குப் பொறுக்கவில்லை. "மாமியாரு இங்கன கெடக்கையில மருமவ பந்தடிக்கப் போனா ஊரு என்ன சொல்லும்?" என்றார்கள்.

அத்தை தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்கள். "ஊரு என்ன சொல்லும்னுதான் மதினி அன்னைக்கு நான் பட்டுச்சேலைல உக்காந்திருந்தேன். இவளும் உக்காரணுமோ?" மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு என்னிடம் வந்து, மகனைக் காட்டி, "நானும் இவனும் இங்கன இருக்கோம். நீ போயிட்டு வா தாயி" என்றார்கள்.

போனேன்.

அன்றைக்கு அடித்த காற்றை என்ன சொல்ல! மேற்கேயிருந்து மலையைத் தாண்டி வரும் ஆடிக்காற்று, வலைக் கம்பத்தையே ஆட்டியது. முதல் ஆட்டம் அவர்களுக்கு. இரண்டாவது எங்களுக்கு. மூன்றாவது ஆட்டத்தில் கடைசிப் பாதி முழுவதும் காற்று எங்கள் முதுகுப் பக்கம். மெதுவாகத் தட்டினால் போதும், மீதித் தூரத்துக்குக் காற்றே பந்தைக் கொண்டுபோய்விடும். ஓங்கி அடித்தால் கோட்டுக்கு வெளியே போகும். இந்தப் பக்கம் பிறந்த எங்கள் ஐந்து பேருக்கும் இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தட்டித் தட்டியே புள்ளிகளை ஏற்றினோம். மீனாட்சி அக்கா விழுந்து எடுத்தார், பாத்திமா அக்கா பாய்ந்து எடுத்தார். டீச்சர் ஒவ்வொரு புள்ளிக்கும் கர்த்தரைக் கூப்பிட்டார். முப்பத்து நாலுக்கு முப்பத்து நாலு! கொடைக்கு வந்த கூட்டம் முழுக்கக் கோட்டைச் சுற்றி நின்று கத்துகிறது. இடது ஓரத்துக்குப் பந்து வருகிறது. என் பந்து, என் கை, என் இடம். பையத் தட்டினேன்.

அந்த ஒரு நொடியில் காற்று நின்றுவிட்டது. பந்து வலையில் தொட்டு எங்கள் பக்கமே விழுந்தது.

ஆஸ்பத்திரிக்குப் புழுதியோடு போய் நின்றேன். வழியெல்லாம் அழுது முகம் வீங்கியிருந்தது. அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"எத்தனையில?"

"ஒரு பாயிண்டு அத்த. கடைசிப் பந்து என்னாலதான்..."

"காத்து நின்னுட்டா?"

நான் தலையாட்டினேன். யாரும் சொல்லாமலே அத்தைக்குத் தெரிந்துவிட்டது. "நானா இருந்தாலும் பையத்தான் தட்டியிருப்பேன்" என்றார்கள். பிறகு முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளி வரை சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்ட வேகத்தில் நர்ஸ் வந்து எங்கள் இருவரையும் திட்டினாள். அவளிடம் அத்தை என்னைக் காட்டி, "எம் மருமவ. ஃபைனலு ஆடிட்டு வந்திருக்கா" என்றார்கள். ஜெயித்து வந்த பிள்ளையைக்கூட யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆபரேஷனுக்கு முன்பே, அந்த வாரமே, அத்தை எங்களை விட்டுப் போய்விட்டார்கள்.

அத்தையை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும், எங்களைத் திட்டிய அந்த நர்ஸ் தங்கச்சிக்கும், கேட்காமலேயே பட்டறையை மூடிவிட்டு வந்து நின்ற ஆட்களுக்கும், பதினாறாம் நாள் வரை எங்கள் வீட்டில் அடுப்பு எரியவிடாமல் மூன்று வேளையும் சோறு கொண்டுவந்த மீனாட்சி அக்கா, ஸ்டெல்லா டீச்சர், பாத்திமா அக்கா மூவருக்கும் இந்தக் குடும்பம் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. தூரம் பார்க்காமல் வந்து அத்தையை வழியனுப்பிய உங்கள் ஒவ்வொருவரையும் கையெடுத்துக் கும்பிடுகிறோம்.

பதினாறாம் நாளன்று பந்தலில் வைத்து, "மாமியார ஆஸ்பத்திரியில போட்டுட்டு நீ பந்தடிக்கத்தான் போனியாம்லா?" என்று அதே பெரியம்மா நாலு பேர் முன்னால் கேட்டார்கள். அன்று நான் பந்தி பரிமாறப் போய்விட்டேன். இன்று சொல்கிறேன். ஆமாம் பெரியம்மா, போனேன். ஊருக்குப் பயந்து கட்டிலோரத்தில் உட்கார்ந்திருந்தால், அத்தைக்கு இரண்டாவது ஃபைனலும் போயிருக்கும்.