கொண்டைக்கு மேல் நிற்காத ஹெல்மெட்

சூலூரில் இருக்கும் என் மகன் ஒரு ரேஸ் ட்ராக்கில் கார் ஓட்டப் பணம் கட்டியிருந்தான். நானும் பக்கத்தில் உட்கார ஆசைப்பட்டேன். காட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டேன். ஹெல்மெட் என் கொண்டைக்கு மேல் நிற்கவில்லை. அத்தனை ஆண்கள் முன்னால் கொண்டையை அவிழ்க்க மனமில்லை.

“ஒரே ரவுண்டுதானுங்கம்மா, ஹெல்மெட் இல்லாமயே சும்மா உக்காருங்க” என்றார் ட்ராக் மேனேஜர்.

வளைவில் கார் சுழன்று டயர் அடுக்கில் மோதியது. என் நெற்றியில் தையல் போட்டார்கள்.

மகன் நியாயம் கேட்டதற்கு அதே மேனேஜர், “எது நடந்தாலும் உங்க பொறுப்புன்னு கையெழுத்துப் போட்டுத்தானுங்களே ஏறுனீங்க?” என்றார். மரியாதைக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

இப்போதெல்லாம் கொண்டாட்டம், சவாரி என்று யார் கூப்பிட்டாலும், “அடிபட்டா ஆருங்க பொறுப்பு?” என்று முதலில் கேட்கிறேன். மரியாதையாகச் சிரிக்கிறார்கள். பதில் வருவதில்லை, நான் ஏறுவதுமில்லை.