நெப்டியூனுக்கு அங்கிட்டு

ஜெஸியின் வான்வெளி டெம்போவில் வரும். மடித்துக் கட்டினால் இரண்டு வெங்காய மூட்டை கனம். காற்றடித்து எழுப்பினால் நாற்பது பேர் உள்ளே உட்காரலாம். ஒரு கறுப்புத் துணிக் கூடாரம், காற்று ஊதும் ஒரு பெரிய ஃபேன், நடுவில் ஒரு புரொஜெக்டர், ஒரு லேப்டாப், அவ்வளவுதான். காற்று வெளியே போகாமல் இருக்கத் துணிக்குழாய் மாதிரி ஒரு வாசல். அதில் தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும்.

விடிந்ததும் அதே டெம்போவில் அவள் கணவன் பெலிக்ஸ் பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிப் போவான். பத்து மணிக்கு மேல்தான் கூடாரம் ஏறும். அதனால் அவளுடைய அண்டத்தில் எப்போதும் முருங்கைக்காய் வாசம் இருந்தது. பார்க்க வந்த பிள்ளைகள் யாரும் இதைக் குறையாகச் சொன்னதில்லை. விண்வெளியின் வாசமே அதுதான் என்று நினைத்திருக்கலாம். திருத்தியிருக்க வேண்டுமோ என்று ஜெஸிக்குச் சில நாட்கள் தோன்றும்.

அவள் அப்பா பெஞ்சமின் அதே சந்தையில் மூட்டை தூக்கியவர். வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் ஜெஸி. இயற்பியலில் எம்.எஸ்ஸி. ஆசிரியர் வேலைக்கு மூன்று முறை தேர்வு எழுதினாள். மூன்றாவது முறை ஒரு மதிப்பெண்ணில் போனது. அந்த வாரம்தான் மதுரையில் ஒருவர் தன் கோளரங்கக் கூடாரத்தை விற்கப்போவதாக ஃபேஸ்புக்கில் போட்டிருந்தார். வாங்கிவிட்டாள். பெஞ்சமின் ஒருமுறை உள்ளே வந்து படுத்துப் பார்த்தார். சனிக் கிரகம் வருவதற்குள் தூங்கிவிட்டார். எழுந்ததும், “நல்லா குளுகுளுன்னு இருக்கு” என்றார். மகளின் படிப்பைப் பற்றி அவர் நேரடியாகச் சொன்ன ஒரே கருத்து அது.

காட்சி இருபத்தைந்து நிமிடம். சூரியனில் தொடங்கி நெப்டியூன் வரை பதினைந்து நிமிடம். அது கூடாரத்தோடு சேர்ந்து வந்தது. யாரோ ஒருவரின் கட்டைக் குரல் பேசும். கடைசிப் பத்து நிமிடம் ஜெஸி தானே செய்தது. மற்ற நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களைப் பற்றியது. இதுவரை ஆறாயிரத்துக்கும் மேல் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவற்றில் சிலவற்றில் சூடும் குளிரும் அளவாக இருக்கலாம், தண்ணீர் இருக்கலாம், உயிர் இருக்கலாம். அந்தப் பத்து நிமிடத்தில் ‘இருக்கலாம்’ பதினோரு முறை வரும்.

பெலிக்ஸுக்கு அது பிடிக்கவில்லை. “இருக்குன்னே சொல்லேன்ட்டி. யாரு போயி பாக்கப் போறா?”

“அதனாலதான் சொல்ல முடியாது.”

“எவ்வளவு தூரம் இருக்கும்?”

“ரொம்பப் பக்கத்துல இருக்கது நாலேகால் ஒளியாண்டு. நம்ம டெம்போல போனா ஏழரைக் கோடி வருசம்.”

பெலிக்ஸ் யோசித்தான். “டீக்கு நிப்பாட்டாமலா?”

சீசன் தொடங்கியதும் குற்றாலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்துமிடத்தில் கூடாரம் போடுவார்கள். அங்கே ஜெஸியின் தொழில் ஒரே ஒரு விஷயத்தை நம்பி நடந்தது. மலையில் மழை பெய்து அருவியில் வெள்ளம் வந்தால் போலீஸார் குளிக்கத் தடை போடுவார்கள். நூறு மைல் கடந்து வந்த கூட்டம், உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, துண்டோடு ரோட்டில் நிற்கும். மழையும் தூறும். அப்போதுதான் அவர்களுக்குக் கிரகங்களின் மேல் அக்கறை வரும். அருவி நன்றாக விழும் நாளில் கூடாரத்துக்குள் ஜெஸியும் புரொஜெக்டரும் மட்டும் இருப்பார்கள்.

“எண்ணெ தேச்சவங்கல்லாம் நடுவுல உக்காருங்க. துணியில சாயாதிய” என்று வாசலிலேயே சொல்லிவிடுவாள். போன வருடம் ஒருவர் சாய்ந்ததில் வியாழனுக்குப் பக்கத்தில் ஒரு முதுகு நிரந்தரமாகப் பதிந்துவிட்டது.

இனிமேல் சீசனை மட்டும் நம்ப முடியாது. அடுத்த வருடம் அந்த இடம் நேந்திரம் சிப்ஸ் கடைக்கு என்று மண்டபத்துக்காரர் சொல்லிவிட்டார். மிச்சம் இருந்தது ஒரே வழி. மாவட்டத்தில் நாற்பத்திரண்டு அரசுப் பள்ளிகளில் இந்தக் காட்சியைப் போட ஜெஸி விண்ணப்பித்திருந்தாள். கல்வி அலுவலகத்திலிருந்து நமசிவாயம் என்ற அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் கூடாரத்தை விற்றுவிடுவது என்று கணவனும் மனைவியும் பேசி முடித்திருந்தார்கள். வாங்க ஆளும் இருந்தார். ஆலங்குளத்தில் பிறந்தநாள் வீடுகளுக்குப் பலூன் கட்டுபவர்.

அதிகாரி வந்த அன்று மெயின் அருவியில் தடை. ஜெஸி கர்த்தருக்கு நன்றி சொன்னாள். பிறகு, வெள்ளத்துக்கு நன்றி சொல்வது சரியா என்று யோசித்து, அதைப் பாதியில் விட்டாள்.

கூடாரம் நிறைந்திருந்தது. நமசிவாயம் ஷூவைக் கழற்றிவிட்டுத் தவழ்ந்து வந்து ஓரமாக உட்கார்ந்தார். நெப்டியூன் வரை ஒரு குறையும் இல்லை. பிறகு ஜெஸி தானே பேச ஆரம்பித்தாள்.

“இந்தக் கோளுக்கு ஒரு வருசம்ங்கிறது பதினோரு நாள்தான். இதை யாரும் கண்ணால பாத்ததில்ல.”

“பாக்காம எப்படி இருக்குன்னு சொல்லுதிய?” என்றார் நடுவிலிருந்து ஒருவர். எண்ணெய் வாசத்தோடு குரல் வந்தது.

“சின்னப் பிள்ளையக் கையப் பிடிச்சுச் சுத்தினா நாமளும் லேசா ஆடுவோம்லா அண்ணாச்சி? அந்த மாதிரி நட்சத்திரம் ஆடுது. அதை வச்சுத்தான் கண்டுபிடிச்சாவ.”

“ஆடுதது வேற எதுக்காவது இருந்தா?”

நல்ல கேள்வி. ஜெஸிக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதிகாரி பக்கம் பார்த்தாள். இருட்டில் முகம் தெரியவில்லை.

“அதையும் சோதிச்சுத்தான் சொல்லுதாவ. இந்தக் கோள்ல தண்ணி இருக்கலாம்...”

அப்போது ரோட்டில் மைக் சத்தம் கேட்டது. “பொதுமக்கள் கவனத்திற்கு. மெயின் அருவியில் குளிக்க அனுமதிக்கப்படுகிறது.”

இருக்கலாமா வேண்டாமா என்று யாரும் யோசிக்கவில்லை. முப்பத்தொன்பது பேரும் ஒரே நேரத்தில் வாசலை நோக்கித் தவழ்ந்தார்கள்.

“ஒவ்வொருத்தரா போங்க! துணியத் தூக்கிப் பிடிக்காதிய அண்ணாச்சி, காத்து போவுது!” என்று வெளியே பெலிக்ஸ் கத்தினான். கேள்வி கேட்டவர்தான் முதலில் வெளியேறினார்.

கூடாரம் மெல்ல இறங்கியது. நாலேகால் ஒளியாண்டுக்கு அப்பால் இருந்த கோள் முதலில் நீள்வட்டமாகி, பிறகு நமசிவாயத்தின் வழுக்கைத் தலையில் வந்து உட்கார்ந்தது. அவர் அசையவில்லை. “முடிஞ்சுதாம்மா?” என்று துணிக்குள்ளிருந்து கேட்டார்.

பெலிக்ஸ் அவரை வெளியே எடுத்து டீ வாங்கிக் கொடுத்தான்.

“சூரியக் குடும்பம் நல்லாருக்கு. சனி ரொம்ப நல்லாருக்கு” என்றார் நமசிவாயம். “கடைசிப் பத்து நிமிசம் வேண்டாம்மா.”

“அதுல எதுவும் தப்பா சார்?”

“தப்புன்னு சொல்லல. எல்லாத்துக்கும் இருக்கலாம், இருக்கலாம்ங்கிய. ஒரு பிள்ள வீட்டுல போயி தண்ணி இருக்குன்னு சொல்லும். இன்னொண்ணு இல்லைங்கும். ரெண்டு அப்பாமாரும் போன் போடுவாவ. உங்களுக்கா போடுவாவ? எனக்குப் போடுவாவ.” டீயை முடித்தார். “நெப்டியூன் வரைக்கும் காட்டுங்க. அத்தோட நிப்பாட்டிக்கிடுங்க. இப்பவே கையெழுத்துப் போடுதேன்.”

பெலிக்ஸ் பேனாவை எடுத்து நீட்டிவிட்டான். ஜெஸி தாளைப் பார்த்தாள். நாற்பத்திரண்டு பள்ளிகள். ஒரு வருடம் முழுவதும் வேலை. அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் கூடாரத்தை வாங்கினாளா, கூடாரம் இருந்ததால் பத்து நிமிடம் வந்ததா? அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

“பிள்ளைக கேள்வி கேட்டா பதில் சொல்லலாமா சார்?”

“கேட்டாச் சொல்லுங்க. கேள்வி கேக்காதன்னு நான் எப்படிச் சொல்ல முடியும்?” என்ற நமசிவாயம், நியாயமான மனிதர் என்பதால், ஆணையில் தன் கையாலேயே எழுதினார்: ‘மாணவர் கேட்டால் பதில் அளிக்க: பத்து நிமிடம்.’

ஆகஸ்டில் ஆலங்குளம் பக்கம் முதல் பள்ளி. ஒரே நாளில் ஐந்து காட்சிகள். ஒவ்வொன்றிலும் நெப்டியூனில் நிறுத்திவிட்டு, “கேள்வி இருந்தா கேளுங்க” என்றாள்.

முதல் காட்சியில் கூடாரம் விழாமல் எப்படி நிற்கிறது என்று கேட்டார்கள். இரண்டாவதில், சாம்பார் வைத்தீர்களா என்று கேட்டார்கள். மூன்றாவதில் இரண்டு பேர் ஒன்றுக்குப் போக அனுமதி கேட்டார்கள். நான்காவதில் யாரும் எதுவும் கேட்கவில்லை.

“ஒரு பிள்ளைட்ட முன்னாடியே சொல்லி வச்சு கேக்கச் சொல்லு” என்றான் பெலிக்ஸ்.

“அது ஏமாத்து.”

“அப்ப நெப்டியூனோட வீட்டுக்குப் போவோம்.”

ஐந்தாவது காட்சி. ஏழாம் வகுப்பு. நெப்டியூன் நீலமாக மேலே நின்றது. கேள்வி இல்லை. ஜெஸி கொஞ்சம் காத்திருந்தாள்.

“நான் ஒரு கேள்வி சொல்லுதேன்” என்றாள். “நெப்டியூனுக்கு அங்கிட்டு என்ன இருக்கு? இதை யாருக்காவது கேக்கணும்னு தோணுச்சுன்னா கேளுங்க.”

இருட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வகுப்பாசிரியை முத்துசெல்விக்குத்தான் பொறுக்கவில்லை. “ஏட்டி ஷிஃபா, நீ லீடர்தான? எந்திரிச்சுக் கேளு.”

ஒரு சிறுமி எழுந்து நின்றாள். தலை துணியில் முட்டியது. கையைக் கட்டிக்கொண்டு, “நெப்டியூனுக்கு அங்கிட்டு என்ன இருக்கு மிஸ்?” என்று ஒப்பித்தாள்.

இது கேட்டதாகுமா? ஆணையில் ‘கேட்டால்’ என்றுதான் இருந்தது. யார் சொல்லிக் கேட்டால் என்று இல்லை. மனம் முழுதாக ஒப்பவில்லை. ஆனாலும் ஜெஸி பட்டனை அழுத்தினாள். நெப்டியூன் பின்னால் போனது. சூரியன் ஒரு புள்ளியாகி, மற்றப் புள்ளிகளோடு கலந்தது. சிவப்பான ஒரு சிறிய நட்சத்திரமும், அதைச் சுற்றும் கோளும் வந்தன.

ஷிஃபா உட்காரவில்லை. கட்டியிருந்த கையை அவிழ்த்திருந்தாள்.

“அங்கன யாரும் இருக்காவளா மிஸ்?”

இதை அவளிடம் யாரும் கேட்கச் சொல்லவில்லை.

“தெரியாது” என்றாள் ஜெஸி.

“டீச்சர்மாருக்குமா தெரியாது?”

“யாருக்குமே தெரியாது. இப்பதான் தேட ஆரம்பிச்சிருக்காவ.”

முத்துசெல்வி டீச்சர் சங்கடமாக இருமினார். பிறகு அவரே, “தேடுததுன்னா எப்படித் தேடுவாவ?” என்று கேட்டார். இன்னொரு மூலையிலிருந்து, தண்ணீர் இருந்தால் மீன் இருக்குமா என்று ஒருத்தி கேட்டாள். அதற்கும் ஜெஸி தெரியாது என்றாள். எட்டாவது முறை தெரியாது என்று சொன்னபோது பத்து நிமிடம் முடிந்திருந்தது.

“ஃபேன நிப்பாட்டவா?” என்று பெலிக்ஸ் வெளியிலிருந்து கேட்டான்.

உள்ளே ஒன்பது கைகள் உயர்ந்தபடி இருந்தன. ஜெஸி ஆணையை நினைத்துப் பார்த்தாள்.

“இருக்கட்டும்” என்றாள்.