றொகானின் சைக்கிளுக்குச் சார்ஜ் போடுகிறவன்

மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் றொபின், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளுக்குச் சார்ஜ் போடுவான். போனுக்கு இல்லை, சைக்கிளுக்குத்தான். முதலில் கேள்விப்பட்டபோது நான் வயிறு குலுங்கச் சிரித்தேன்.

"ஏனடா, மிதிக்கிறதுக்கும் கரண்டோ?"

"ஓடுறதுக்கு இல்லை அண்ணை, கியர் மாத்துறதுக்கு" என்றான் பொறுமையாக.

அந்தச் சைக்கிளில் கியருக்குக் கம்பி கிடையாது. ஹாண்டிலில் உள்ள லீவரை விரலால் அமத்தினால், பின்சில்லுக்குப் பக்கத்தில் தொங்கும் சின்ன மோட்டார் 'கிர்ர்' என்று செயினை அடுத்த பல்லுக்குத் தள்ளிவிடும். இரண்டுக்கும் நடுவில் வெறும் காற்றுத்தான். மோட்டாருக்குப் பெருவிரல் அளவில் ஒரு பற்றரி. லீவருக்குள்ளே வட்டமாக, காசு மாதிரி இன்னொன்று.

அப்படி இரண்டு சைக்கிள்கள் அவன் வீட்டில் நின்றன. ஒன்று அவனுடையது. மற்றது குருநகர் றொகானுடையது. என் எரிச்சல் எல்லாம் அந்த இரண்டாவதன் மேல்தான்.

றொபினுக்கு நாற்பத்தெட்டு வயது. கொக்குவிலில், தாய் நவமணி ரீச்சர் விட்டுப்போன வீட்டின் முன்னறையில் பொய்ப்பல் கட்டுகிறான். பல் வைத்தியர்கள் அச்சை எடுத்து அனுப்புவார்கள். இவன் பல்லைச் செய்து திருப்பி அனுப்புவான். யாருடைய வாய் என்று அவனுக்குத் தெரியாது. நாள் முழுக்க வாய்களோடுதான் வேலை, ஆனால் கதைக்க ஒருவரும் இல்லை. கல்யாணம் ஏன் செய்யவில்லை என்று கேட்டால், "அது அப்பிடியே போட்டுது" என்பான். எது எங்கே போனது என்று அதற்குமேல் கேட்க முடியாது.

றொகான் நேர் எதிர். படகு எஞ்சின் சாமான்கள் விற்கிற கடைக்காரன், வாய் மூடாத ஆள். தகப்பனுக்குக் கட்டிய பல் கடிக்கிறது என்று சண்டை பிடிக்க வந்தவன், பின்னேரம் வரை இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான். அதன்பிறகு சிநேகிதம் ஒட்டிக்கொண்டது. சுவிஸிலிருந்து மச்சான்காரன் அனுப்பிய சாமான் பெட்டியில் இரண்டு சைக்கிள்கள் வந்தபோது, தனியே ஓட அலுப்பு என்று ஒன்றை றொபினிடம் தள்ளிவிட்டான். விடிகிற நேரம் இருவரும் நாவற்குழிப் பாலம் தாண்டிச் சாவகச்சேரிக்குப் போய், சந்தைக்குப் பக்கத்தில் பால் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்புவார்கள். றொபின் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அந்தக் காலத்தில்தான்.

பிறகு ஊரில் பாதிப்பேர் போன மாதிரி றொகானும் விசிற் விசாவில் குடும்பத்தோடு கனடா போனான். சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "ஆறு மாசந்தான் மச்சான். அலுப்படிச்சா முதலே வந்திடுவன். பற்றரியைச் சாக விட்டிடாதை" என்றான். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சான்றிதழ்களையும் கட்டிக்கொண்டு போனான். ஆறு மாதம் சுற்றிப் பார்க்க அது எதற்கு? குருநகருக்கும் விளங்கியது, கொக்குவிலுக்கும் விளங்கியது. றொபினுக்கு மட்டும் விளங்கவில்லை. விளங்க அவன் மனம் விடவில்லை என்பதுதான் சரி.

இரண்டு வருஷம் அவன் அந்தச் சைக்கிளைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மண்ணெண்ணெய் தோய்த்த சீலையால் செயினைத் துடைப்பான். மோட்டார்ப் பக்கம் ஈரமே படவிடமாட்டான். பற்றரி தொடுகிற பித்தளை முனைகளைக் காய்ந்த தூரிகையால் தட்டிவிடுவான். பின்சில்லைத் தூக்கிப் பிடித்து, ஒரு கையால் மிதியைச் சுற்றிக்கொண்டு, கியர் எல்லாவற்றையும் மேலேயும் கீழேயும் ஒருதரம் போட்டுப் பார்ப்பான். செயின் எங்காவது உரசினால் லீவரின் சின்னப் பொத்தானை அமத்திக்கொண்டு தட்டுவான். மோட்டார் ஒரு மயிரளவு நகரும், உரசல் நின்றுவிடும்.

"ஓடாத சைக்கிளுக்கு ஏன் பற்றரி? கழட்டி மேசை லாச்சிக்குள்ளை வையன்" என்றேன் ஒருநாள்.

"கழட்டினால் அவன் விட்டிட்டுப் போன மாதிரி இருக்கும் அண்ணை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உவன் வரமாட்டான் றொபின்."

"கொஞ்சம் பிந்துது. அவ்வளவுதான்" என்றுவிட்டுச் சில்லைத் துடைத்தான்.

போன மாதம் சாவகச்சேரி போகிற வழியில், கைதடியில் ஒரு ஆடு குறுக்கே பாய்ந்தது. றொபின் தன் சைக்கிளோடு வலப்பக்கம் விழுந்தான். முழங்கையில் தோல் போனது பெரிதில்லை. கியர் மோட்டார் கல்லில் அடிபட்டுவிட்டது. லீவரை அமத்தினால் உள்ளே ஏதோ சுற்றியது, செயின் அசையவில்லை.

ஞாயிறு பின்னேரம் என்னைக் கூப்பிட்டு, போனைப் பிடிக்கச் சொன்னான். திரையில் றொகான், தடித்த ஜக்கெற்றோடு ஒரு பஸ் தரிப்பில் நின்றான். அங்கே காலை, வேலைக்குப் போகிற நேரம். அடிபட்ட இடத்தை றொபின் திருப்பித் திருப்பிக் காட்டினான்.

"உள்ளுக்குப் பல்லு உடைஞ்சிட்டுது போலை. கொழும்பிலும் இல்லையாம்."

"எதுக்கடா கொழும்பு? என்ரையைக் கழட்டிப் பூட்டன். ரெண்டும் ஒண்டுதானே?"

"அப்ப நீ வந்தால் எதிலை ஓடுறது?"

லைன் அறுந்துவிட்டதென்று நினைத்துப் பார்த்தேன். றொகான் அப்படியேதான் நின்றான்.

"மச்சான், நான் இஞ்சை அகதிக் கேஸ் போட்டு ஒரு வருசமாச்சு. உனக்குச் சொல்ல வாய் வரேல்லை. இனி வரேலாதடா. கழட்டு."

இரண்டு வருஷமாக நான் சொன்னதுதான். என் சொல் பலித்ததில் எனக்கு ஒரு துளி சந்தோஷமும் இல்லை. நான் சொன்னது பிழையாகப் போயிருக்கக் கூடாதா என்றிருந்தது. றொபின் மோட்டாரைக் கழற்ற அலன் சாவியைத் தேடினான். அது அவன் கையில்தான் இருந்தது.

செயினை அவிழ்த்தான். றொகானின் மோட்டாரைக் கழற்றித் தன்னுடையதில் முடுக்கினான். செயினை மறுபடி பூட்டினான். இனி அந்த மோட்டாருக்கும் இவனுடைய லீவருக்கும் பழக்கம் பண்ண வேண்டும். மோட்டாரில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதில் விரலை வைத்தவன் அமத்தாமல் இருந்தான்.

"இதை அமத்தினால் அவன்ரை லீவரை இது மறந்திடும் அண்ணை" என்றான். குரல் உடைந்துவிட்டது. போனில் றொகான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அமத்தினான். பச்சை லைற் மினுங்கியது. தன் லீவரின் பொத்தானையும் அமத்தினான். பிறகு மோட்டாரில் இன்னொருமுறை. லீவரைத் தட்டியதும் செயின் ஒரு பல் இறங்கியது.

"சரியா விழுதோடா?" என்றான் றொகான்.

"ஓம். சரியா விழுது."

ஓடிப் பார்த்தால்தான் தெரியும் என்று சொல்லி, கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு, சைக்கிளை உருட்டிப் போனான். போன் என் கையில் இருப்பதை அவன் மறந்துவிட்டான். நானும் மறந்திருப்பேன், அதற்குள்ளிருந்து குரல் வந்தது.

"போயிட்டானோ அண்ணை?"

"போயிட்டான்."

"தனியவோ?"

எனக்குக் கோபம் வந்தது. "வேறை ஆரோடை போறது?" என்றேன்.

சொன்ன பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். பஸ் வந்து நின்றது. அவன் ஏறவில்லை. பஸ் போய்விட்டது. போனை எப்படி வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை, அவனும் வைக்கவில்லை. றொபின் போன பக்கம் அவனுக்கும் தெரியட்டும் என்று போனை வாசல் படலைப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.