நாற்காலி இல்லாத மேடை

விழுப்புரத்தில் பேருந்து ஏறும்போது செய்தி வந்தது. "அருளப்பண்ணன் காலையில தவறிட்டாரு. திண்டிவனம் வந்துடு" என்றார் கேபிள் டிவி நண்பர். உள்ளாட்சித் தேர்தல் வந்தால் எங்கள் உள்ளூர் சேனலுக்கு வேட்பாளர் விவாதம் நடத்தியவர் அவர்தான். மைக் செட்டும் அவருடையது. கேமராவும் வேட்பாளர்களை அழைப்பதும் என் வேலை.

அவர் மேடையில் நாற்காலி இருக்காது. இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் அதைக் கேலி செய்திருக்கிறீர்கள். "சேரு போட்டா யாரு உக்காரலாம்னு ஊரு முடிவு பண்ணிடும். எல்லாரும் நின்னுக்கினே பேசட்டுங்க" என்பார். ஜெயித்த ஊராட்சித் தலைவரையே சாதி பார்த்துத் தரையில் உட்காரவைக்கும் மாவட்டம் இது. அவருக்கு அது தெரியும்.

கெடார் பக்கம் ஓர் ஊராட்சியில் நான் செய்ததைச் சொல்லியாக வேண்டும். பட்டியலில் கடைசிப் பெயர் அஞ்சலை. மல்லாட்டை என்கிற நிலக்கடலை பறிக்கக் கூலிக்குப் போகிறவர். ஒரு சுவரொட்டிகூட இல்லை. ஓட்டைப் பிரிக்க யாரோ நிறுத்திய டம்மி என்று நானே முடிவுசெய்து அழைக்காமல் விட்டேன். விவாதம் பாதியில் இருக்கும்போது சேற்றுக் காலோடு வந்து நின்றார்.

"நானும்தான் எலெக்சன்ல நிக்கிறேன். என்னை ஏன் கூப்புடல?"

மேடையிலிருந்த வேட்பாளர் ஒருவர் சிரித்தார். "அது சும்மா நிக்குதுங்க. நீங்க ஜல்தி முடிங்க."

அண்ணன் மைக்கை அணைத்தார். "அவங்க மேல வராம இது பேசாதுங்க."

"செட்ட தூக்கிக்கினு கெளம்புய்யா" என்று கூட்டத்தில் குரல் வந்தது. அவர் அசையவில்லை. அஞ்சலை மேலே வந்ததும் மைக்கை அவர் உயரத்துக்கு இறக்கிவைத்தார். எல்லோருக்கும் போல நான்கு நிமிடம்.

"மோட்டார நிறுத்துனப்பறம் பைப்புல மிஞ்சறதுதான் எங்க தெருவுக்குத் தண்ணி. ஒரு நாளு உங்களுக்கு மொதல்ல வுடுங்க, ஒரு நாளு எங்களுக்கு. அவ்ளோதான்."

இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார். அடுத்தவர் மைக்கை நெருங்கினார். அண்ணன் கையை நீட்டித் தடுத்தார். "இருங்க. இன்னும் ரெண்டு நிமிசம் அவங்களுது." மொத்த ஊரும் அந்த இரண்டு நிமிடம் சும்மா நின்றது. நான் கேமராவை நிறுத்தவில்லை.

அஞ்சலை தோற்றார். அந்த ஊர்த் திருவிழாவுக்கு அண்ணனின் செட்டை அதன்பின் யாரும் கூப்பிடவில்லை. என்னை அவர் திட்டவே இல்லை. திரும்பும் வழியில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "டம்மியாவே இருந்தாலும் அத அவங்க வந்து சொல்லட்டும்டா. பேர அடிக்கிறதுக்கு நீ யாரு?" என்றார், அவ்வளவுதான்.

அடக்கத்துக்கு அஞ்சலை இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார். நாற்காலி கொடுத்தார்கள். வேண்டாம் என்று கடைசிவரை நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன்.

அடுத்த தேர்தலுக்கும் பட்டியல் என் கைக்குத்தான் வரும். இனி கடைசிப் பெயரிலிருந்து அழைக்கத் தொடங்குவேன், அண்ணே.