புள்ளிக்கோடு

என் பீரோவின் அடித்தட்டில் ஒரு வரைபடம் சுருட்டிக் கிடக்கிறது. விரித்தால் நாலு மூலையிலும் எதையாவது வைத்தால்தான் அடங்கும். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு தெரு, அதன் கடைசியில் ஒரு குளம், அந்தக் குளத்துக்கு ஒரு காலத்தில் மழைநீர் கொண்டுவந்த வாய்க்கால். வாய்க்காலை நீல மையில் வரைந்தவன் நான். வரிசையாக இருக்கும் ஆறு வீடுகளில் மேட்டுப்பக்கத்து முதல் வீட்டில் மட்டும் கோடு முழுதாக ஓடும். மற்ற ஐந்திலும் புள்ளி புள்ளியாகப் போகும். அந்த முதல் வீடு எங்கள் ஓவர்சியருடையது.

தொண்ணூறுகளின் கடைசி அது. கிணறுகள் வற்றி, தெருவே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற காலம். மழைநீரைப் பழையபடி குளத்துக்குத் திருப்பினால் கிணறுகள் ஊறும் என்று நகராட்சியில் ஒரு திட்டம் போட்டு, ஓவர்சியரையும் படம் வரைகிற என்னையும் அனுப்பினார்கள். வாய்க்கால் எங்கே என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. அதன்மேல் வீடு கட்டி இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. ஓவர்சியர் கருவி எதையும் தூக்கவில்லை. நெசவு வீடுகளுக்குள் போய், தறிக்கு முன்னால் கால் தொங்கவிட்டு உட்காரும் குழியைக் குனிந்து பார்ப்பார். "ஐப்பசியில இதுல தண்ணி ஊறுதாம்மா?" என்று மட்டும் கேட்பார். ஊறும் என்று சொன்ன வீட்டு வாசலில் ஒரு சாக்பீஸ் குறி. அளவு டேப்போடு பின்னால் நின்ற எனக்கு மானம் போகும். ஒரு வாரத்தில் ஐந்து வீட்டுக் குறிகளும் குளத்தை நோக்கி ஒரே நேராக வந்து நின்றன. அந்த நேரை மேட்டுப்பக்கம் நீட்டினால் அவர் வீட்டு நடுவே போனது. அங்கே இருந்த தறிக்குழியை அவரே மூடி சிமெண்ட் பூசியிருந்தார். "வருஷா வருஷம் அந்தத் தரை வேர்த்துக்கினுதான் இருக்குது. எங்கப்பா சாக்கை மடிச்சிப் போட்டுக்கினு நெய்வாரு. போடுபா கோட்டை" என்றார்.

அவருக்கு அடுத்த வீட்டு மாடியில்தான் நான் குடியிருந்தேன். தனிக்கட்டைக்கு வீடு கிடைக்காமல் அலைந்து கிடைத்த அறை அது. வீட்டுக்காரர் ஒருநாள் மாடியேறி வந்து, என் வரைபடத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "உறுதியாத் தெரியாத எடத்துல புள்ளிதான வெப்பீங்க சார்? எங்க வூட்டுக்குக் கீழ யாரு போயிப் பாத்தது? நீங்களும் இங்கதான இருக்கீங்க" என்றார். அதட்டல் எதுவும் இல்லை. அவர் இறங்கிப் போனதும் ஐந்து வீட்டுக் கோட்டையும் பிளேடால் சுரண்டிவிட்டுப் புள்ளி வைத்தேன்.

மறுநாள் ஓவர்சியர் பார்த்தார். "இன்னாபா இது?" "உறுதியாத் தெரியல சார்." "என் வூட்ல மட்டும் உறுதியாத் தெரியுமா?" என்றார். என் பேனாவையே வாங்கிக் கையெழுத்துப் போட்டார். ஏன் போட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் குடியிருக்கும் வீடு எது என்று அவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அந்த மாதமே ஆள் வைத்துத் தன் வீட்டின் இரண்டு அறைகளை இடித்து வாய்க்காலைத் திறந்தார். "ஊர்ல இல்லாத வாய்க்கா நம்ம வூட்லதான் ஓடணுமா?" என்று கேட்டுவிட்டு அவர் மனைவி சென்னைக்கு மகனிடம் போனார், திரும்பவில்லை. மற்ற ஐந்து வீட்டாரும் என் புள்ளிகளைக் காட்டி, இடிக்கச் சொல்லி வந்த நோட்டீஸை நிறுத்தினார்கள். திட்டம் அங்கேயே படுத்துவிட்டது, வரைபடம் என்னிடமே தங்கிவிட்டது. தெருவில் யாரும் அவரோடு பேசவில்லை.

ஐப்பசி மழையில் மேட்டுத் தெருத் தண்ணீர் முழுக்க அவர் வீட்டுக்குள் வந்தது. வந்த தண்ணீர் என் வீட்டுக்காரர் சுவரில் முட்டி நின்றது. முழங்கால் தண்ணீரில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஓவர்சியர் ஒற்றை ஆளாய் வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார். நான் மாடி ஜன்னலில் நின்றேன். அண்ணாந்து பார்த்தார். "தண்ணி சரியாத்தான் வந்துக்கினு இருக்குதுபா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் இறங்கிப் போயிருப்பேன். நான் ஜன்னலைச் சாத்தினேன். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் என்று தை மாதமே என்னைக் காலி செய்யச் சொன்னார்.

போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். குளத்தைச் சுற்றி நடைபாதை போட்டு, விளக்கு வைத்திருக்கிறார்கள். உள்ளே தண்ணீர் இல்லை. ஓவர்சியர் இறந்துபோய் வெகுகாலம் ஆகிவிட்டது, வீடு பூட்டிக் கிடந்தது. திறந்துவிட்ட வாய்க்கால் மட்டும் இரண்டு சுவர்களுக்கு நடுவே இருபதடி நீளத்துக்கு அப்படியே இருந்தது.

ஊர் திரும்பி, வரைபடத்தை விரித்து, மூலைகளில் இரண்டு டம்ளரும் மூக்குக்கண்ணாடிக் கூடும் ஒரு பூட்டும் வைத்தேன். சுரண்டிய இடம் இன்னும் சொரசொரப்பாக இருந்தது. நீலப் பேனாவால் ஒவ்வொரு புள்ளியாகச் சேர்த்துக்கொண்டே போனேன். சொரசொரப்பில் மை கசிந்து கோடு சுத்தமாக வரவில்லை. ஆனாலும் குளத்தைத் தொட்டுவிட்டது. அடியில் அவர் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது.