வாசலில் நான் அவிழ்த்த வேப்பிலை

பினாங்கில் பழைய கோட்டையைத் தாண்டிக் கடலைப் பார்த்து நிற்கும் ஹோட்டலுக்கு நான்தான் சலவைக்காரன். காற்று வாங்க வரும் துரைமார் கடலில் குளித்துத் துடைத்த துண்டெல்லாம் என் வெள்ளாவியில் வெந்தவை. வெளுப்பில் ஒருவரும் குறை சொன்னதில்லை. அந்தத் திமிர் எனக்கு இருந்தது.

அந்த வருடம் என் ஆறு வயது மகளுக்குப் பெரியம்மை கண்டது. அன்றைக்கே மனைவி வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்தைக் கட்டிவிட்டாள். அதைப் பார்த்தால் நம்மவர் யாரும் உள்ளே வரமாட்டார்கள். ஆனால் சுகாதார இன்ஸ்பெக்டருக்கும் அந்த வழக்கம் தெரிந்துபோயிருந்தது. இலை கண்ட வீட்டில் நுழைந்து, நோயாளியைப் படகிலேற்றி, அம்மை கண்டவர்களைத் தனியே அடைத்துவைக்கும் சின்னத் தீவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே போய்த் திரும்பிய பிள்ளை ஒன்றையும் நான் கண்டதில்லை. விஷயம் ஹோட்டலுக்குத் தெரிந்தால் பிழைப்பும் போய்விடும்.

இன்ஸ்பெக்டர் பக்கத்துச் சந்துக்கு வந்துவிட்டார் என்று கேட்டதும் கொத்தை அவிழ்க்கப் போனேன். மனைவி கையைப் பிடித்தாள்.

“வேணாங்க. ஆத்தா வந்திருக்கான்னு நாலு பேருக்குத் தெரியணும்.”

“தெரியக்கூடாதுன்னுதான் அவுக்கிறேன். புள்ள வேணுமா, எல வேணுமா?”

அவள் கையை விட்டாள். அழுக்கு மூட்டைகளுக்குப் பின்னால் மகளைப் படுக்கவைத்தோம். இன்ஸ்பெக்டர் வெறும் நிலையைப் பார்த்தார். காய்ச்சல் யாருக்காவது உண்டா என்றார். இல்லை என்றேன். போய்விட்டார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சிரித்தேன். கொத்தைத் திரும்பக் கட்டவில்லை.

மறுநாள் நான் ஹோட்டலுக்குப் போயிருந்தேன். மனைவி கொல்லையில் இருந்தாள். அடுத்த வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு அடுப்புக்கு நெருப்பு வாங்க உள்ளே வந்திருக்கிறாள். மூட்டைகளுக்குப் பின்னால் முனகல் கேட்டு, பக்கத்தில் உட்கார்ந்து என் மகளுக்குத் தண்ணீரும் புகட்டியிருக்கிறாள்.

இரண்டு வாரம் கழித்து என் மகளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம். முகமெல்லாம் தழும்பு, ஆனால் பிழைத்துவிட்டாள். அதே வாரம் அடுத்த வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கியது. அவர்கள் எதையும் ஒளிக்கவில்லை. தாயையும் பிள்ளையையும் படகேற்றினார்கள்.

தாய் மட்டும் திரும்பினாள். வந்து என் வாசலில் நின்றாள். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

“அண்ணே, ஒரு கொத்து எல இருந்திருந்தா நான் உள்ள வந்திருக்கமாட்டேனே.”

சத்தம் கேட்டு வெளியே வந்த மகளை அவள் பார்த்துவிடப் போகிறாளே என்று, சட்டென்று என் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.