மரியாதையில்லாத வரி

பேருந்து நிலையத்தில் அவளை எல்லோரும் மைக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வண்டி எந்த மேடைக்கு வருகிறது என்று அறிவிப்பது அவள் வேலை. வண்டியைத் தவறவிட்டவர் கண்ணாடிக்கு வெளியே நின்று சண்டை பிடித்தாலும் அவள் குரல் இம்மியும் ஏறாது, இறங்காது. அதனால் ஊரில் எந்த விழா என்றாலும் மைக் அவள் கைக்குத்தான் போகும்.

போரில் இறந்தவர்களின் நினைவு நாளிலும் அவள்தான். அவள் தம்பியும் அந்தப் போரில் போனவன். அவன் பேரையும் மேடை எண் சொல்வதுபோல் வாசித்துவிட்டு அடுத்த பேருக்குப் போவாள். கல்நெஞ்சக்காரி என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? அங்கே பேசுகிறவர்கள் எல்லோரும் 'அவர் அஞ்சா நெஞ்சர்' என்பார்கள். அந்த 'அவர்' யாரென்றே அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தவன், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு அலைந்த ஒரு சோம்பேறி. காலையில் அவனை எழுப்புவது அவள் பாடு. "எந்திரிடா" என்று தொண்டை கிழியக் கத்துவாள். அடுத்த அறையிலிருந்து அப்பா, "விடும்மா, அவன் இன்னும் கொஞ்சம் தூங்கட்டும்" என்பார். எல்லாம் அவர் கொடுத்த செல்லம்.

இப்போது அந்த அப்பாவே, வீட்டுக்கு வருகிறவர்களிடம் படத்தைக் காட்டி, "அவர் சின்ன வயசுலேயே தைரியசாலி" என்கிறார். கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். உயிரைத்தான் போர் கொண்டுபோய்விட்டது, தம்பியையாவது வீட்டில் விட்டுவைக்கக் கூடாதா?

இந்த முறை பேச்சுகளுக்கு நடுவே ஒரு கவிதை. எழுதியவர் போருக்குப் போய் உயிரோடு திரும்பியவர். இப்போது ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிறார். இறந்து கிடக்கும் சிநேகிதனை எழுப்புவதாக எழுதியிருந்தார். விழாக் குழுச் செயலாளர் அதில் தன் பேனாவைக் காட்டியிருந்தார்.

"டா போட்டு எழுதியிருக்கார்மா. செத்தவங்களுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? நான் சரி பண்ணிட்டேன்."

'எந்திரிடா, விடிஞ்சிருச்சு, என் சாக்ஸைக் கழட்டிக் குடு' என்ற வரி, 'எழுந்திருங்கள் வீரரே, பொழுது புலர்ந்தது' என்று ஆகியிருந்தது. சாக்ஸ் போன இடம் தெரியவில்லை.

"இப்படி எழுப்பினா யாரு சார் எந்திரிப்பா?"

"உங்க தம்பிக்கும் சேர்த்துத்தான்மா இந்த மரியாதை. திருத்தினபடியே படிச்சிடுங்க."

சரி என்று தலையாட்டினாள். மேடை ஏறும்போதும் திருத்திய தாள்தான் கையில் இருந்தது. முதல் வரிசையில் அப்பா, கையைக் கட்டிக்கொண்டு, வழக்கம்போல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். நிதானமாக வாசித்துக்கொண்டே வந்தாள். அந்த வரி வந்தது. 'எழுந்திருங்கள்' என்ற சொல் வாயில் வரவே மாட்டேன் என்றது.

"எந்திரிடா" என்றாள். "விடிஞ்சிருச்சு, என் சாக்ஸைக் கழட்டிக் குடு."

மைக்குக்கு முன்னால் அவள் குரல் உடைந்தது அதுதான் முதல் தடவை. கூட்டத்தில் அங்கங்கே விசும்பல் கேட்டது. செயலாளரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரவர் வீட்டில் போர்வைக்குள் சுருண்டு கிடந்த ஒருவனுக்காக அழுதார்கள். அஞ்சா நெஞ்சருக்கு இத்தனை வருஷமாக ஒரு சொட்டுக்கூட வந்ததில்லை.

மேற்கொண்டு வாசிக்க முடியாமல் அவள் அந்த ஒரு சொல்லையே திரும்பச் சொன்னாள். "எந்திரிடா."

அப்பாவின் கட்டிய கைகள் அவிழ்ந்தன. முகத்தைத் துடைக்காமல், மேடையைப் பார்த்து, அடுத்த அறையிலிருந்து சொல்வதுபோல் சொன்னார்.

"விடும்மா, அவன் இன்னும் கொஞ்சம் தூங்கட்டும்."